நான் நெருங்க நெருங்கச் சின்னதான நிலையம்

பொறாமைப்படாத மனிதர்களும் இருக்கிறார்களாம். கேள்விப்பட்டிருக்கிறேன். நான் அந்த இனம் இல்லை. திகதி, நேரம், காரணம் எல்லாம் குறித்துவைத்து ஒழுங்காகப் பொறாமைப்பட்டவன் நான். 1984 முதல் ஒரு நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதினேன். அதில் 1986ஆம் ஆண்டின் நடுப்பகுதி முழுவதும் ஒரே பெயர்தான் திரும்பத் திரும்ப வந்தது: மரியதாஸ். (மாதமும் கிழமையும் சொல்லாமல் நான் ஒரு கதை தொடங்குவதைக் கண்டு என்னைத் தெரிந்தவர்கள் திகைப்பார்கள். காரணம் கடைசியில் வரும்.)

அப்போது எனக்கு இருபது வயது. பொறியியல் பீடத்துக்குச் சில புள்ளிகள் போதாமல் நீர்வேலி வீட்டில் இருந்தேன். வாழைத்தோட்டத்துக்கு நீர் இறைப்பது, வாசிகசாலையில் கையில் அகப்பட்டதையெல்லாம் வாசிப்பது, இவைதான் என் உத்தியோகம். அந்த நேரத்தில்தான் சிவா அண்ணை இங்கிலாந்தில் படிப்பை முடித்துக்கொண்டு வந்து, நல்லூரில் தன் வீட்டு முன் அறையில் கணினி வகுப்புத் தொடங்க ஆயத்தப்படுத்தினார். அறையில் ஒரே ஒரு கணினி. பார்வைக்கு அது வெறும் விசைப்பலகை. பதினான்கு அங்குலத் தொலைக்காட்சியில் பொருத்த வேண்டும். உதவிக்கு ஓர் ஆள் தேவை என்றார். போனவர்கள் இரண்டு பேர். ஒன்று நான். மற்றது குருநகர் மரியதாஸ். தகப்பனுக்குச் சொந்தமாக எஞ்சின் வள்ளம் இருந்தது, அவனும் கடலுக்குப் போய்வருபவன்.

சிவா அண்ணை எங்களுக்கு முதலில் காட்டியது ஒரு விண்வெளி விளையாட்டு. கறுப்புத் திரையின் நடுவில் வெள்ளையாக ஒரு சதுரம். அதுதான் விண்வெளி நிலையம். நமது கப்பல் போய் அதில் சேர வேண்டும். கப்பலுக்குப் பிரேக் கிடையாது. நிற்க வேண்டுமானால் கப்பலைப் பின்புறமாகத் திருப்பி, போகிற திசைக்கு எதிராக எஞ்சினை இயக்க வேண்டும். திருப்பியதும் திரை தானாகப் பின்பக்கக் காட்சிக்கு மாறிவிடும். ஆகவே நிலையம் எப்போதும் கண்ணுக்கு முன்னால்தான் தெரியும். (இந்த வசனத்தை மறக்க வேண்டாம். நான் மறந்தேன்.)

"வகுப்புத் தொடங்குற அண்டைக்குச் சனத்துக்கு முன்னாலை ரெண்டு பேரும் இதை ஓடிக் காட்டுங்கோ. ஆர் கெதியாய் நிலையத்திலை சேருறாரோ, அவர்தான் என்ரை ஆள். அறைச் சாவியும் அவரிட்டைத்தான்" என்றார் சிவா அண்ணை.

அந்தச் சாவி! அது கையில் இருந்தால் வேண்டிய நேரம் கணினியோடு இருக்கலாம். பல்கலைக்கழகம் போகாதவன் என்ற பெயரும் ஓரளவு மறையும். வீட்டில் போய், வேலை கிடைத்த மாதிரித்தான் என்று சொல்லிவிட்டேன்.

என் முறை விஞ்ஞானபூர்வமானது. எஞ்சினை ஒரு தட்டு, கொஞ்சம் மிதத்தல், பிறகு இன்னொரு தட்டு. பதினொரு நிமிடத்தில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தேன். மூச்சு விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மரியதாஸ் உட்கார்ந்தான். எஞ்சினை முழு வேகத்துக்கு ஏற்றினான். சதுரம் எங்கள் முகத்தை நோக்கிப் பாய்ந்து வந்தது. ஏதோ ஒரு கணத்தில் சட்டென்று திருப்பினான். நாற்பது எண்ணும்வரை எதிர் எஞ்சின். நிலையத்தின் வாசலில் பூப்போல நின்றான். மூன்று நிமிடம். என் கைக்கடிகாரத்தை நானே நம்பவில்லை.

"எப்பிடி ஐசே, எந்த நேரத்திலை திருப்புறதெண்டு உமக்குத் தெரியுது?" என்றேன். குரலில் தேன் ஒழுகியிருக்கும்.

"கண்ணாலை பாக்கத் தெரியும்தானே."

என்ன திமிர்! அன்று என் நாட்குறிப்பில் அவனுக்காக ஒன்றரைப் பக்கம் ஒதுக்கினேன். அவன் பேச்சைக் குறை சொன்னேன், சிரிப்பைக் குறை சொன்னேன், சேர்ட்டின் கையை மடித்துவிடும் விதத்தையும் விடவில்லை.

இரண்டு கிழமை வேவு பார்த்ததில் இரகசியம் அகப்பட்டது. கப்பலை ஓட்டுமுன் அவன் தபால் முத்திரைத் தாளின் பசை ஓரத்தில் ஒரு துண்டு கிழித்து, நக்கித் திரைக் கண்ணாடியில் ஒட்டுவான். வளர்ந்துவரும் சதுரத்தின் விளிம்பு அந்தத் துண்டைத் தொட்டதும் திருப்புவான். அவ்வளவுதான்! அவன் வெளியே போன நேரம் அடிமட்டத்தை எடுத்தேன். திரையின் நடுவில் இருந்து சரியாக இரண்டே முக்கால் அங்குலம். மூன்று தடவை அளந்தேன். தங்கை வதனியின் ஒட்டுப்பொட்டு ஒன்றை எடுத்து அதே அளவில் ஒட்டிப் பழகினேன். மூன்று நிமிடம் பத்து விநாடி. பிறகு மூன்று நிமிடம். பிறகு இரண்டு நிமிடம் ஐம்பத்தைந்து!

திறப்புவிழா நாள் காலையில், நேரத்தை மிச்சம் பிடிப்பதற்காக, அன்றைய நாட்குறிப்பை முற்கூட்டியே மையால் எழுதினேன்: "இன்று மரியதாசை வென்றேன். அவன் முகம் வாடியது. நான் பெருந்தன்மையுடன் கை கொடுத்தேன்."

ஐயா வேட்டி சால்வையுடனும் அம்மா பட்டுச் சேலையுடனும் வதனியுடனும் வந்து முன்வரிசையில் இருந்தார்கள். சனம் வாசல்வரை நின்றது. பின்னால் நிற்பவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று சிவா அண்ணை வீடியோப் படம் காட்டுகிற கடையில் இருந்து இருபது அங்குலத் தொலைக்காட்சி ஒன்று வாடகைக்கு எடுத்திருந்தார். பெரிது, நல்லது, என் வெற்றி தெளிவாகத் தெரியும் என்று மகிழ்ந்தேன். (கணிதத்தில் எனக்கு ஏன் புள்ளி குறைந்தது என்று இப்போது விளங்குகிறதா?) அடிமட்டத்தை எடுத்து இரண்டே முக்கால் அங்குலம் அளந்து பொட்டை ஒட்டினேன்.

"அம்மா, அது என்ரை பொட்டு!" என்றாள் வதனி. சனம் சிரித்தது. நான் அசையவில்லை.

முழு வேகம். சதுரம் வளர்ந்து பொட்டைத் தொட்டது. வழமையிலும் சற்று முந்தித் தொட்டது போல இருந்தது. என் திறமை கூடிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். திருப்பினேன். கடிகாரத்தில் நாற்பது விநாடி எதிர் எஞ்சின். கப்பல் நின்றது. நிலையமோ இன்னும் தூரத்தில், முற்றத்துக்கு வர மனமில்லாத விருந்தாளி மாதிரி நின்றது.

பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் கிட்டப் போகலாம் என்று எஞ்சினை அழுத்தினேன். நிலையம் கண்ணுக்கு முன்னால். கப்பலோ அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அது என் நினைவிலேயே இல்லை.

"அண்ணை, சின்னனாகுது!" வதனியின் குரல்.

"சும்மா இரு."

"அண்ணை, சத்தியமாய்ச் சின்னனாகுது!"

வேகம் போதவில்லை என்று நினைத்து இன்னும் அழுத்தினேன். அழுத்த அழுத்த நிலையம் தீப்பெட்டியாகி, அரிசியாகி, புள்ளியானது. அம்மா ஐயாவிடம் கேட்டது அறை முழுவதும் கேட்டது: "உவன் ஏனப்பா திரும்பி வாறான்?"

"சாமான் ஏதும் விட்டிட்டுப் போயிருப்பான்" என்றார் ஐயா.

புள்ளியும் மறைந்தது. எரிபொருள் தீர்ந்தது. திரையில் வதனியின் பொட்டு மட்டும் மிஞ்சியது.

மரியதாஸ் வந்து அந்தப் பொட்டை உரித்து மரியாதையாக அவளிடம் கொடுத்தான். ஒரு துண்டுத் தாளை நக்கி, அளக்காமல், என் அளவுக்கு வெகு வெளியே ஒட்டினான். மூன்று நிமிடத்தில் சேர்ந்தான். கைதட்டல் ஓய்ந்த பின் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"ரெண்டு கிழமையாய் அளந்தனீர் ஐசே, என்னட்டைக் கேட்டிருக்கலாமே. நான் எப்பவும் திரையின்ரை நடுவுக்கும் கரைக்கும் சரிபாதியிலைதான் ஒட்டுறனான். ரீவீ பெருத்தால் பாதியும் பெருக்கும்தானே. அப்பரோடை வள்ளத்திலை வரேக்கையும் இப்பிடித்தான். கோயில் கோபுரம் ஐஸ் கட்டிடத்துக்கு நேரை வந்தால் எஞ்சினை நிப்பாட்டுவம். இன்னொரு துறைக்குப் போனால் வேறை அடையாளம் பாப்பம். அடிமட்டத்தைக் கடலுக்குக் கொண்டு போறேல்லை."

சாவி அவனுக்குப் போனது. கை கொடுத்தது அவன். பெருந்தன்மையும் அவனுடையதே.

நான் பிந்தி வீடு திரும்பியபோது, முன்னரே வந்துவிட்ட வதனி என் நாட்குறிப்பை எடுத்து வாசித்து முடித்திருந்தாள். "அவன் முகம் வாடியது" என்ற வரியை அவள் பல வருடம் பாடமாக ஒப்புவித்தாள். எழுதியதை அழிப்பது என் கொள்கை அல்ல. ஆகவே கீழே ஒரு வரி சேர்த்தேன்: "மேற்படி சம்பவம் நடைபெறவில்லை."

அதன் பிறகு எங்கள் வீட்டில் நான் எதை எடுத்தாலும் ஒரே தீர்ப்புத்தான். கிணற்றில் வாளி நழுவினால் "அண்ணை, சின்னனாகுது." பெண் பார்க்கப் போய்ச் சம்பந்தம் தட்டிப்போனால் "சின்னனாகுது." மரியதாஸ் நோர்வேக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டு நான் உலகப்படத்தில் அடிமட்டம் வைத்தபோதும் அதுதான்.

1995 ஐப்பசியில் இராணுவம் நெருங்கி வர, ஊரோடு ஊராக நாங்களும் வீட்டை விட்டுப் புறப்பட்டோம். கைதடிப் பக்கம் போகிற சனத்துக்குள், மழையில், அடிக்கு அடி நின்று நின்று நடந்தோம். திடீரென்று நினைவு வந்தது. பதினொரு வருட நாட்குறிப்புகளும் தகரப் பெட்டியோடு வீட்டில். சைக்கிளைத் திருப்பினேன். ஐயா கூப்பிட்டார். அம்மா அழுதா. நான் கேட்கவில்லை. சனத்துக்கு எதிராகப் பத்தடி போயிருப்பேன்.

பின்னால் இருந்து வதனி கத்தினாள்: "அண்ணை! எஞ்சினை நிப்பாட்டு! நாங்கள் சின்னனாகிறம்!"

திரும்பிப் பார்த்தேன். உண்மையாகவே சின்னனாகிக்கொண்டிருந்தார்கள். அந்த நெரிசலுக்குள் எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் அழுதுகொண்டே சிரித்தாள். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு அவர்களிடம் போய்ச் சேர்ந்தேன். அன்றுதான் முதல் தடவை சரியான நேரத்தில் திருப்பினேன்.

மறு வருடம் வந்து பார்த்தபோது பெட்டி இருக்கவில்லை. ஆகவே என் வாழ்க்கையின் மிகப் பெரிய அவமானத்துக்கு என்னிடம் திகதி இல்லை. இதை எழுத உட்கார்ந்தபோது நோர்வேயில் இருக்கும் மரியதாசுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். ஒரு நொடிகூட யோசிக்காமல் நாள், கிழமை, எத்தனை மணி என்று எல்லாம் சொன்னான். எங்கும் எழுதி வைக்காமல்!

அந்தத் திகதியை இங்கே போட எனக்கு மனம் வரவில்லை. அது அவனுடைய திகதி.