டி.என்.ஏ. பாறையும் பிள்ளையார் சுழியும்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது. சிங்கத்துக்குச் சர்க்கரை இருந்தது. தினமும் கசப்பு மருந்து குடித்தால்தான் அதனால் எழுந்து நிற்க முடியும்.

மருந்து செய்யும் முறையைக் குகைக்குள் டி.என்.ஏ. பாறையில் செதுக்கி வைத்திருந்தார்கள். பாறை வெளியே வராது. அடுப்பு உள்ளே போகாது. அதனால் மரங்கொத்தி தினமும் குகைக்குள் போய், பாறையைப் பார்த்து ஓர் இலையில் நகல் எடுத்து வந்து கொடுக்கும். அந்த இலைக்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். பெயர்தான் பெரிது. சமையல் முடிந்ததும் கறையான் அதைத் தின்றுவிடும்.

பாறையில் மொத்தமே நான்கு எழுத்துகள்: அ, த, க, ச. ஆனால் பார்த்ததை அப்படியே எழுதக் கூடாது, அதன் ஜோடியை எழுத வேண்டும். 'க' என்றால் 'ச'. 'ச' என்றால் 'க'. 'த' என்றால் 'அ'. 'அ' வந்தால் மட்டும் 'த' எழுதாமல் 'உ' எழுத வேண்டும். ஏன் என்று மரங்கொத்திக்கும் தெரியாது. காலங்காலமாக அப்படித்தான்.

இதே வேலை உங்கள் உடம்பின் செல்களுக்குள்ளும் இந்த நிமிடம் நடக்கிறது. அங்கே மேற்பார்வையாளர் கிடையாது. அதனால்தான் நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள்.

இந்தக் காட்டில் சிங்கம் நரியை மேற்பார்வைக்குப் போட்டது. நரி குகை வாசலில் உட்கார்ந்து முதல் இலையை வாங்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தது.

"ஏம்ப்பா, எத்தனை பிள்ளையார் சுழி போட்டிருக்கே?"

"சுழி இல்லீங்க ஐயா, அது 'உ' எழுத்துங்க."

"எனக்கே எழுத்து சொல்லித் தர்றியா? பக்தி இருக்க வேண்டியதுதான். அதுக்காக வரிக்கு நாலா? மேலே ஒண்ணு போட்டா போதும்."

நடுவில் இருந்த 'உ' எல்லாவற்றையும் நரி அடித்துவிட்டு, உச்சியில் பெரிதாக ஒன்று போட்டது. அடியில் அரக்கு முத்திரை வைத்தது.

அடுப்படியில் இருந்தது கரடி. மூன்று மூன்று எழுத்தாகக் கூட்டித்தான் அதற்குப் படிக்க வரும். மூன்று எழுத்துக்கு ஒரு சாமான் என்று சட்டியில் போடும். 'உ' போனதும் கூட்டல் எல்லாம் மாறிவிட்டது. வெந்தயம் இருந்த இடத்தில் வெல்லம், பாகற்காய் இருந்த இடத்தில் பால்.

"என்னடா இது, பாயசம் மாதிரி வருது?" என்றது கரடி. முத்திரையைப் பார்த்ததும் தன் பங்குக்குக் கொஞ்சம் முந்திரியும் போட்டது.

சிங்கம் குடித்தது. "பிரமாதம்!" என்றது. பிறகு மயங்கி விழுந்தது.

மரங்கொத்தி கணக்குப் போட்டுப் பார்த்தது. ராஜா செத்தால் பழி நகல் எடுத்தவன் தலையில்தான் விழும். நரி வைத்தியரைத் தேடி ஓடிய சமயம் பார்த்து அது குகைக்குள் பறந்தது. புது நகல் எடுத்து, முத்திரை இல்லாமலே கரடியிடம் நீட்டியது.

"அண்ணே, ஒரு 'உ'வைக்கூட விடாம படிங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

கசப்பு மருந்து தயாரானது. அதை வாயில் ஊற்றியதும் சிங்கம் கண்ணைத் திறந்து எழுந்து நின்றது. கறையான் வழக்கம்போல் இலையைத் தின்று ஏப்பம் விட்டது.

"என்னைக் காப்பாத்தினது எந்த இலை?"

"நான் எழுதினதுங்க ராஜா," என்றது மரங்கொத்தி.

"எங்கே, காட்டு."

"கறையான் தின்னுடுச்சுங்க."

அதற்குள் திரும்பி வந்திருந்த நரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு தன் இலையை நீட்டியது. அரக்குக்குப் பயந்து கறையான் அதைத் தொடவே இல்லை. உச்சியில் பிள்ளையார் சுழி, அடியில் முத்திரை. சிங்கம் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

"இனிமே தினமும் இதையே சமைங்க. புதுசா நகல் கிகல் எதுவும் வேண்டாம்."

"ராஜா, அது பாயசம்..." என்று இழுத்தது கரடி.

"அதனாலதான் சொல்றேன்," என்று சிங்கம் நாக்கைச் சப்புக்கொட்டியது.

இப்போது அந்தக் காட்டுக்கு நரிதான் ராஜா. சிங்கத்தின் கருமாதிக்கும் அதே பாயசம்தான். உலகத்தில் எந்தக் கருமாதிப் பத்திரிகையிலும் இல்லாத வழக்கமாக, இந்தப் பத்திரிகையில் மேலே பெரிதாக ஒரு பிள்ளையார் சுழி போட்டிருந்தது.

நீதி: உள்ளே என்ன எழுதினாலும் சரி, சுழியை மேலே போடுங்கள், உயிரே போனாலும் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள்.