நழுவாத கியர்

இனி எந்த ஞாயிற்றுக்கிழமையும் மலை ஏறுவதில்லை என்று ஒற்றர் முடிவெடுத்தார். பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது எடுத்த முடிவு. வாயில் நுரை இருந்ததால் உரக்கச் சொல்லவில்லை. நுரை இல்லாவிட்டாலும் சொல்லியிருக்கமாட்டார். உள்ளே மனைவி விழித்துக்கொண்டிருந்தாள்.

வேவு பார்க்கிற ஒற்றர் இல்லை அவர். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். எங்கே ஒற்று மிகும், எங்கே மிகாது என்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதனால் அச்சகத்தார் வைத்த பெயர். அதில் அவருக்குப் பெருமைதான். தனக்கு வந்த பிறந்தநாள் வாழ்த்தையே திருத்தி, அனுப்பியவருக்குத் திருப்பி அனுப்பியவர்.

மாமனார் வீடு மலைமேல் இருந்தது. மாமனார் ஓய்வுபெற்ற நில அளவையாளர். இப்போது அளக்க நிலமில்லாததால் தன் வயிற்றுக்குள் நடப்பதையெல்லாம் மாப்பிள்ளையிடம் அங்குலம் அங்குலமாக அளந்தார். அவர் ஓய்ந்தால் மைத்துனன் புல்லாங்குழலை எடுப்பான். உள்ளே போகிற காற்று இசையாக வெளியே வர மறுத்துக்கொண்டிருந்தது. வாராவாரம் இதற்கு ஒரே ரசிகர் ஒற்றர்.

வரமாட்டேன் என்று மனைவியிடம் சொல்ல முடியாது. அவள் பேச ஆரம்பித்தால் அவருடைய கியர் தானாகவே நியூட்ரலுக்குப் போய்விடும். ஆகவே வண்டி வரமாட்டேன் என்று சொல்ல வேண்டும். அவருடையது பழைய ஆட்டோமேட்டிக் கார். எந்த நோயைச் சொன்னாலும் நம்பும்படியான வயது, ஆனால் ஒரு நோயும் இல்லை. ஊரார் பிழையையெல்லாம் களைந்தவர், முதல்முறையாக ஒரு பிழையை உண்டாக்க உட்கார்ந்தார். நூலகத்திலிருந்து கார் பழுதுபார்க்கும் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து, அதிலிருந்த எழுத்துப்பிழைகளைத் திருத்திக்கொண்டே படித்து முடித்தார்.

அந்த ஞாயிறு, மலையடிவாரத்தில் முதல் ஏற்றம் வந்ததும் இடது காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டு வலது காலால் ஆக்சிலரேட்டரை மிதித்தார். என்ஜின் உறுமியது. வண்டி நகரவில்லை.

"கியர் நழுவுது," என்றார் கவலையோடு.

மனைவி பல் மருத்துவரிடம் உதவியாளர். ஊசி போடுவதற்குமுன் ஆளை வாய் திறக்க வைப்பதில் கைதேர்ந்தவள். "அப்படின்னா என்னங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஒற்றர் வாய் திறந்தார். ஆட்டோமேட்டிக்கில் நாம் மிதிக்கக் கிளட்ச் கிடையாது என்றார். கியர் பெட்டிக்குள் இருக்கிற எண்ணெயின் அழுத்தத்தில்தான் எல்லாம் பிடித்துக்கொள்கிறது. எண்ணெய் குறைந்தாலோ கெட்டாலோ பிடி தளரும். என்ஜின் மட்டும் கத்தும், சக்கரத்துக்குச் சக்தி போகாது. கியர் மாறும்போது குலுங்கும், லீவரைத் தள்ளினால் யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். சொல்லச் சொல்ல அவருக்கே தன்மேல் மரியாதை வந்தது.

"இவ்வளவு தெரியுமா உங்களுக்கு?" என்றாள் அவள். அவர் காலடியில் விழுந்த கைக்குட்டையை எடுக்கக் குனிந்தவள், நிமிரக் கொஞ்சம் நேரமானது.

வீட்டுக்குத் திரும்பி அன்று முழுக்கக் கால்நீட்டிப் படுத்திருந்தார். கியரோடு தானும் நழுவிவிட்டதில் பரம திருப்தி. மறுநாள் காலை அச்சகத்துக்குப் போகும்போது கார் சுவரைப் பார்த்து நின்றது. மாலையில் திரும்பியபோது தெருவைப் பார்த்து நின்றது, சாவி மனைவியின் கைப்பையில் இருந்தது. அரைப்புள்ளி இடம் மாறினாலே கண்டுபிடிக்கிறவர், அதை மட்டும் கவனிக்கவில்லை. காரணம், உள்ளே மனைவி அவளுடைய அப்பாவுக்குப் போன் செய்து அவருடைய கார் ஞானத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டார். இனிமையாக இருந்தது.

சனிக்கிழமை காலை ஒரு இழுவை வண்டி வீட்டு வாசலில் வந்து நின்றது. பின்னால் மாமனாரின் கார் தொங்கியது. முன்னால் மாமனாரும், புல்லாங்குழல் பையோடு மைத்துனனும் இறங்கினார்கள்.

ஒற்றருக்கு விவரத்தை மனைவி சொன்னாள். அப்பாவின் காரும் பழைய ஆட்டோமேட்டிக்தான். மலை ஏறாமல் உறுமிக்கொண்டே நின்றுவிட்டதாம். கியர் பெட்டியையே மாற்ற வேண்டும் என்று மேலே ஒரு மெக்கானிக் சொல்லவும், மனசு விட்டுப்போய் உறைபோட்டு மூடி வைத்திருந்தார்களாம். "நீங்க சொன்ன அதே அறிகுறி. உங்களால முடியாதா என்ன?"

முடியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். ஆனால் ஒற்றருக்கு அந்தச் சொல்லே பிழையாகப் பட்டது. சட்டையைக் கழற்றினார்.

சமதளத்தில் நிறுத்தி என்ஜினைச் சூடாக ஓடவிட்டார். லீவரை ஒவ்வொரு நிலைக்கும் நகர்த்திவிட்டு, கியர் எண்ணெயின் அளவுக் குச்சியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்தார். மறுபடி விட்டு எடுத்தார். நுனி மட்டும் நனைந்திருந்தது. முகர்ந்து பார்த்தார். கருகல் வாசனை இல்லை. பெட்டி பிழைத்திருக்கிறது, எண்ணெய்தான் குறைந்திருக்கிறது. அப்படியானால் எங்கே போகிறது? பழைய போர்வையை விரித்துக் காருக்கு அடியில் நுழைந்தார்.

புள்ளி வைக்க வேண்டிய இடம் அவருக்குத் தெரியாததா? வைக்கக்கூடாத இடத்தில், தரையில், சிவப்பாக ஒரு எண்ணெய்ப் புள்ளி இருந்தது. அதற்கு நேர்மேலே, ரேடியேட்டருக்குப் போகும் எண்ணெய்க் குழாயின் இணைப்பு ஈரமாக இருந்தது. குழாயை இறுக்கிப் பிடிக்கிற பட்டி தளர்ந்திருந்தது. வாழ்நாளில் அவர் பிடித்த பிழைகளிலேயே அழகான பிழை.

பட்டியை முறுக்கினார். மைத்துனனைக் கடைக்கு அனுப்பிப் புது எண்ணெய் வாங்கிவரச் சொல்லி ஊற்றினார். மாமனாரைப் பக்கத்தில் உட்காரவைத்து மலையடிவாரத்து ஏற்றத்துக்கு ஓட்டிப்போனார். கார் முனகாமல் ஏறியது. பாதி வழியில் மாமனார் தன் வயிற்றையே மறந்துவிட்டார்.

திரும்பி வந்து இறங்கியதும், "மெக்கானிக் கைவிட்டதை மாப்பிள்ளை கண்டுபிடிச்சுட்டார்," என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். மைத்துனன் கைகுலுக்கி, "அத்தான், நீங்க பெரிய ஆள்," என்றான். மூக்கில் எண்ணெயும் நெஞ்சில் காற்றுமாக ஒற்றர் நடுவாசலில் நின்றார். அந்த நிமிடத்தில் யாராவது சிலை வைக்கிறோம் என்றால் இடம் காட்டியிருப்பார்.

மனைவி துண்டைக் கொண்டுவந்து அவர் மூக்கைத் துடைத்துவிட்டாள். அவள் முகத்திலும் பெருமை பொங்கியது.

"அவங்க வண்டி ஓடாததாலதான் இவ்வளவு நாளா நாம மேல போக வேண்டியிருந்தது," என்றாள். "இனிமே உங்களுக்கு அந்த அலைச்சலே இல்லைங்க. வாராவாரம் அவங்களே வந்துடறாங்களாம். ஞாயிறு ஒரு நாள் போதாதுன்னு, சனிக்கிழமையே வந்து தங்கிடறாங்களாம்."