மாப்பிள்ளை வேண்டாமென்ற கார்ட்

ஞானம் வீடியோ,
கொட்டுகொடல்ல வீதி,
கண்டி.
2025 ஒக்டோபர் 6

மெல்பேர்னில் வாழும் அன்பும் அறிவும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை துஷாந்த் அவர்களுக்கு மாமா இராமநாதன் எழுதிக்கொள்வது.

கட்டுக்கலைப் பிள்ளையார் தயவில் இங்கே நானும் அத்தையும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீங்களும் மகள் மதுஷாவும் பேரன் ஜீவனும் குளிருக்குச் சட்டை போட்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க வேண்டுகிறோம். வழக்கமாக நான் 'அன்பும் அறிவும்' என்பதோடு நிறுத்திக்கொள்வேன். இந்தக் கடிதத்துக்குப் 'பொறுமையும்' தேவைப்படும் என்று தோன்றியதால் சேர்த்திருக்கிறேன். போன் இருக்கும்போது மாமா ஏன் உங்கள் ஒபிஸ் விலாசத்துக்குக் கடிதம் போடுகிறார் என்று யோசிப்பீர்கள். போனில் பேசினால் மதுஷா பக்கத்தில் இருப்பாள். நான் ஹலோ சொல்வதைக் கேட்டே, "அப்பா, என்னத்த ஒடச்சீங்க?" என்று கேட்கிற பிள்ளை அது.

விஷயம், கடையின் கல்யாண வீடியோக்களைப் போட்டு வைக்க வாங்கிய அந்த சர்வர்தான். சித்திரைப் புத்தாண்டுக்கு முன் நீங்கள் அனுப்பிய இமெயிலை நான் அச்செடுத்து, லாமினேட் செய்து, கடையில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் மருமகன் எழுதியதா என்று மரியாதையோடு கேட்கிறார்கள். எனக்கு அது மனப்பாடம். 'மாமா, இருபத்து நாலு டிஸ்க் பிடிக்கிற பெட்டி ஒன்று வாங்குங்கள். டிஸ்க்குகளைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற கார்டில் இரண்டு வகை உண்டு. சாதாரணக் கார்ட் டிஸ்க்குகளை உள்ளபடி காட்டும், வேறொன்றும் செய்யாது. ரெய்ட் கார்ட் எல்லா டிஸ்க்கையும் ஒன்றாகக் கட்டி, எது எங்கே என்பதைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளும். அது பழுதானால் அதே மாதிரி இன்னொரு கார்ட் கிடைக்கும்வரை ஒரு டிஸ்க்கும் வாய் திறக்காது. ஆகவே ரெய்ட் கார்ட் வேண்டாம். சாதாரணக் கார்டை வாங்குங்கள், மிச்சத்தை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.' வேண்டாம் என்ற சொல்லுக்குக் கீழே நீங்கள் கோடு போட்டிருந்தீர்கள். லாமினேட் செய்ததில் அந்தக் கோடு இன்னும் பளபளவென்று தெரிகிறது. நான் ரெய்ட் கார்ட்தான் வாங்கினேன்.

இதில் திகனயில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ஷப்ராஸுக்கும் பாதிப் பங்கு உண்டு என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அவன் மேல் பழி போட்டால் சாப்பாடு செரிக்காது. அவன் இரண்டு கார்டையும் மேசையில் வைத்து, "அங்கிள், மருமகன் செல்றதுதான் சரி. இந்தச் சின்னது போதும்" என்றுதான் சொன்னான். நான் இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தேன். சாதாரணக் கார்ட் பப்படம் மாதிரி இருந்தது. ரெய்ட் கார்ட் நல்ல கனம், மேலே அலுமினியக் கவசம், அதற்கென்று தனி மெமரி, போதாததற்கு ஒரு பேட்டரி. ஒன்றும் செய்யமாட்டேன் என்று சொல்லிக்கொண்டு வருகிற ஆளுக்கு நான் இத்தனை வருடத்தில் வேலை கொடுத்ததில்லை, மாப்பிள்ளை, கார்டுக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது? அதோடு, ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாட்டில் பேட்டரி உள்ளதை விட்டுவிட்டு இல்லாததை வாங்க எனக்கு மனம் வரவில்லை. ஷப்ராஸ் பொறுமையாக, "அங்கிள், அந்த பேட்டரி கடைக்கு கரண்ட் குடுக்க இல்ல. கரண்ட் போனா கார்டுக்கு வேலை மறந்து போகாம ஈக்கத்தான்" என்றான். எனக்குத் தெரியும் என்றேன். தெரியாது. அடுத்த கிழமை கரண்ட் போனபோது கடை முழுக்க இருட்டாகி, அந்தக் கார்ட் மட்டும் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொண்டு இருட்டுக்குள் இருந்தது. அத்தையிடம் நான் கடையே ஓடும் என்று சொல்லியிருந்தேன்.

பிறகு அது கத்த ஆரம்பித்தது. எந்தப் பேட்டரிக்காக வாங்கினேனோ அந்தப் பேட்டரிக்கு வயதாகிவிட்டதாம், அதை அறிவிப்பதற்காக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கீச் கீச் என்று கூப்பிடும். கலகெதரயிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் அல்பம் தெரிவு செய்ய வந்து உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் அம்மா பிரேமிளா நல்ல பக்தை. ஒரு அட்டையைத் தொட்டு இது நல்லா இருக்கு என்று சொன்ன அந்த நொடியில் கார்ட் கீச் என்றது. அந்தம்மா கையை எடுத்துவிட்டு, "தெக்கு மூலையில பல்லி சொல்லுதே, இன்னைக்கு வேணாம்" என்று எழுந்துவிட்டார். அது பல்லி இல்லை, ரெய்ட் கார்ட் என்று சொன்னால் என்ன மதிப்பு இருக்கும் சொல்லுங்கள். மறுமுறை வந்தார்கள், மறுபடியும் கீச். மூன்றாம் முறை நான் நாதஸ்வரத்தைச் சத்தமாகப் போட்டு வைத்து, அதன் மறைவில் அல்பத்தை முடித்துக்கொடுத்தேன். அன்றிலிருந்து கடையில் காலை முதல் மாலை வரை நாதஸ்வரம். பக்கத்துப் புடவைக் கடை பாரூக் ஹாஜியார் வந்து, தினமும் எனக்கு முகூர்த்தமா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இதெல்லாம் பரவாயில்லை. நீங்கள் இமெயிலின் கடைசியில், பேக்கப் என்றால் இரண்டாவது பிரதி என்று எழுதியிருந்தீர்கள். நான் அதை நன்றாகப் படித்து, அலுமாரியில் இருந்த பழைய டிஸ்க்குகளிலிருந்து பதினைந்து வருடக் கல்யாணங்களையும் சர்வருக்கு ஏற்றினேன். இரண்டாவது பிரதி வந்துவிட்டதே, இனி முதல் பிரதி எதற்கு என்று பழையவற்றைத் துடைத்துப் புதுக் கல்யாணங்களுக்குப் பாவித்துவிட்டேன். இதைப் படித்து நீங்கள் கதிரையை விட்டு எழுந்திருப்பீர்கள். தயவுசெய்து உட்காருங்கள், இன்னும் இருக்கிறது.

எங்கள் கடையில் ஆயுத பூஜை என்றால் உழைக்கிற சாமான் அத்தனையும் சரஸ்வதிக்கு முன்னால் இறங்கி உட்கார வேண்டும். கமரா, லைட், முக்காலி, பேப்பர் வெட்டுகிற கத்தி வரை சந்தனப் பொட்டு வைத்து ஒருநாள் லீவு. இந்த வருடம் அதிகமாக உழைத்தது சர்வர். அதைத் தூக்க நாலு பேர் வேண்டும், என் இடுப்பு சங்கதி உங்களுக்குத் தெரியும். அத்தைதான் வழி சொன்னாள். "பெட்டிய விடுங்க. பெட்டியா ஒழைக்குது? உள்ளுக்கு இருக்கிற டிஸ்க்குங்கதானே ஒழைக்குது. அதுகள எடுத்து வைங்க." எனக்கும் அது நியாயமாகப் பட்டது. முறைப்படி சர்வரை நிறுத்தி, இருபது டிஸ்க்கையும் கழற்றி, வாழையிலையில் வரிசையாக வைத்தோம். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது, போட்டோகூட எடுத்தேன். கழற்றும்போது ஒன்று முதல் இருபது வரை இலக்கம் எழுதி ஸ்டிக்கர் ஒட்டினேன், அந்த அளவுக்கு எனக்கு மூளை இருக்கிறது. ஆனால் உங்கள் அத்தை ஞானேஸ்வரி ஈரத்துணி எடுத்து இருபதையும் துடைத்து, ஸ்டிக்கர்களை உரித்துக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் பொட்டு வைத்திருக்கிறாள். கேட்டால், "சாமிக்கு வைக்கிற சாமான்ல கடதாசி ஒட்டியிருந்தா நல்லாவா இருக்கும்?" என்கிறாள். இருபது டிஸ்க்குக்கும் ஒரே முகம், ஒரே பொட்டு.

விஜயதசமி அன்று காலை நல்ல நேரம் பார்த்துத் திரும்பப் போட்டோம். எந்தக் குழியில் எது இருந்தது என்று தெரியாததால், எனக்குத் தெரிந்த ஒரே முறையில், குரூப் போட்டோவுக்கு ஆட்களை நிறுத்துவதுபோல, கொள்ளளவில் பெரிய டிஸ்க்குகளை மேலேயும் சின்னதுகளைக் கீழேயுமாக அடுக்கினேன். சுவிட்சைப் போட்டேன். பத்து டிஸ்க்கைக் காணவில்லை என்றும் மீதிப் பத்தும் அந்நியருடையவை என்றும் திரையில் வந்தது. காணவில்லை என்ற பத்தும் என் கண்ணுக்கு முன்னால் பச்சை விளக்கு எரிய உட்கார்ந்திருக்கின்றன. அந்நியர் என்ற பத்துக்கும் முதல்நாள் நான்தான் சூடம் காட்டினேன். இடம் மாற்றி மாற்றிப் போட்டேன். இருபதை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று மதுஷாவின் பழைய கணிதப் புத்தகத்தில் பார்த்துக் கணக்குப் போட்டேன், பத்தொன்பது இலக்கத்தில் விடை வந்தது. நான் நாலு விதம் முயன்றுவிட்டுக் கையை எடுத்துவிட்டேன்.

மாப்பிள்ளை, அந்தப் பெட்டிக்குள் ஊரார் கல்யாணங்களோடு உங்கள் கல்யாணமும் இருக்கிறது. ஊருக்கெல்லாம் மூன்று மாதத்தில் வீடியோ கொடுக்கிறவன் சொந்த மகளுக்கு ஐந்தரை வருடமாகக் கொடுக்கவில்லை என்று மதுஷா சொல்லாத நாளில்லை. வேலை அதிகம் என்று அவளிடம் சொல்லி வருகிறேன். அது பொய். எடிட் செய்ய உட்காருவேன். தாலி ஏறி, பிள்ளை தலையை நிமிர்த்தி என்னைத் தேடிப் பார்க்கிற இடம் வரும். அதற்கு மேல் என்னால் முடியாது, எழுந்து போய் டீ குடித்துவிட்டு வேறு யாருடைய கல்யாணத்தையாவது எடுத்துக்கொள்வேன். இப்படியே வருடம் போய்விட்டது. கல்யாணம் நடந்த அதே வருடம் நவம்பரில் சம்பந்தி சண்முகநாதன் தவறிப்போனார். கொரோனாவால் விமானநிலையம் பூட்டியிருந்தது, பேராதனையில் நடந்ததையெல்லாம் நீங்கள் போனில்தான் பார்த்தீர்கள், அந்தப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். கல்யாணத்தன்று சாப்பாட்டு மண்டபத்தில் கமராவைப் பார்த்து அவர் பேசியது பதினேழு நிமிடம். எடிட் வேண்டாம் மாமா, அப்பா பேசினதை மட்டும் அப்படியே அனுப்புங்கள் என்று நீங்கள் எத்தனை தரம் கேட்டீர்கள். வெட்டி ஒட்டாத படம் கடையை விட்டு வெளியே போகக்கூடாது என்று நான் வீம்பு பிடித்தேன். வரும் கார்த்திகையில் ஐந்தாவது திவசம். ஜீவன் தன் தாத்தாவின் குரலை ஒருநாளும் கேட்டதில்லை. அது போய்விட்டது என்றால் நான் எந்த முகத்தோடு உங்களிடம் பேசுவேன் என்று தெரியவில்லை.

ஆகவே மாப்பிள்ளை, மாமா தோற்றுவிட்டேன். ரெய்ட் கார்டைக் கழற்றி எறிந்துவிடுகிறேன். நீங்கள் சொன்ன சாதாரணக் கார்டையே வாங்குகிறேன். அதற்கு முன் இந்த இருபது அந்நியர்களிடமிருந்தும் சம்பந்தியை மீட்க வழி இருந்தால் எழுதுங்கள். ஷப்ராஸிடம் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. இனிமேல் நீங்கள் ஒரு சொல் சொன்னால் அதற்கு மறுசொல் இந்த வாயிலிருந்து வராது, இது சத்தியம்.

மதுஷாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். ஜீவனின் இரண்டு கன்னத்துக்கும் தாத்தாவின் முத்தம். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருடம் நிறைவாக வாழ, அத்தையும் நானும் கைகூப்பி நிற்கிறோம்.

உங்கள் மாமா,
மு. இராமநாதன்

பி.கு. (ஒக்டோபர் 9): மேலே எழுதிய மன்னிப்புகள் அனைத்தையும் ரத்து செய்துகொள்ளவும். முத்திரை ஒட்டியாகிவிட்டதால் கடிதத்தை அனுப்புகிறேன். நேற்று ஷப்ராஸ், மக்காவுக்கு உம்றா யாத்திரை போகிற தன் உம்மா கைரியாவைப் போட்டோ எடுக்கக் கூட்டிக்கொண்டு வந்தான். என் முகத்தைப் பார்த்தே சர்வருக்கு என்ன என்று கேட்டுவிட்டான். நான் அடுக்கு மாறின கதையைச் சொன்னேன். "டிஸ்க்க எங்க போட்டாலும் ஒண்ணுமில்ல அங்கிள். ஒவ்வொண்டுலயும் கார்ட் அடையாளம் எழுதித்தான் வெச்சீக்கி" என்று சொல்லிக்கொண்டே பெட்டியின் மூடியைத் திறந்தான். உள்ளே ரெய்ட் கார்டின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும். பக்கத்தில் பத்து டிஸ்க்குக்குப் போகிற கேபிள் கழன்று தொங்குகிறது. நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தபோது அத்தை சுவரில் கலண்டர் பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுதானே எல்லாத்துக்கும் பெரிசுன்னு சொன்னீங்க. அதுக்கு மட்டும் பொட்டு வைக்காம விட ஒரு மாதிரியா இருந்துச்சு" என்றாள். கேபிளை அழுத்தினான், ஷப்ராஸ் சொன்ன இடத்தில் ஒரு அழுத்து அழுத்தினேன், இருபதும் எங்கள் ஆட்களாகிவிட்டன. ஆகவே ரெய்ட் கார்டில் ஒரு குற்றமும் இல்லை, அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

சம்பந்தி பேசியதை நேற்றுத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். பாயாசக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கமராவைப் பார்த்துச் சொல்கிறார். "தம்பி துஷாந்த், ஒன் மாமா நல்ல மனுசன்டா. நீ என்ன சொன்னாலும் சரி மாப்பிள்ளைன்னு தலைய ஆட்டுவாரு. செய்யமாட்டாரு. மனசுல வச்சுக்காத. ரெண்டாந்தரம் சொல்லு, மூணாந்தரம் சொல்லு. அப்பவும் செய்யலன்னா விட்டுரு. பொண்ணையே குடுத்துட்டாரு, அதுக்கு மேல அந்த மனுசன்கிட்ட என்னத்தக் கேக்குறது." அத்தை சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கார்ட் விஷயத்தை நீங்கள் எனக்கு இன்னும் ஒருதரம் எழுதிப் பாருங்கள்.

அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட எனக்கு ஒரு நிமிடம் போதும், மாப்பிள்ளை. இருபத்தெட்டு வருடமாக என் தொழிலே அதுதான். வெட்டவில்லை. பதினேழு நிமிடத்தையும் உள்ளபடி இன்று காலை உங்கள் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். ஜீவனை மடியில் வைத்துக்கொண்டு பாருங்கள்.