எங்கள் வீட்டு மோட்டரின் பெயர் வேண்டா

புதுப்பட்டினம்,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அரவிந்தன் அவர்களுக்கு,

மாமனார் சிவப்பிரகாசம் எழுதிக்கொள்வது. நீங்களும் யோகேஸ்வரியும் புனேயில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன், நீங்கள் நம்ப வேண்டியதில்லை. இந்தக் காலத்தில் எதற்குத் தபால், போனில் சொல்லலாமே என்று தோன்றும். நான் போனைக் கையில் எடுத்தாலே உங்கள் அத்தை சம்பூர்ணம் சமையலறையிலிருந்து "யாருக்கு?" என்கிறாள். அப்படி அவள் கேட்கும்படி ஆனது எப்படி என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பெண் பார்க்க வந்தபோது உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டதற்கு, தொலைத்தொடர்பு கம்பெனியில் பொருள்களுக்கு சிம் கார்டு போடும் பிரிவு என்றார் தரகர். கல்பாக்கத்தில் ஸ்டோர்ஸ் பிரிவிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பொருள்களுக்கு எண் உண்டு, போன் நம்பர் கிடையாது. நீங்கள்தான் விருந்துக்கு வந்த இடத்தில் விளக்கினீர்கள்: "மனுஷங்க எல்லாருக்கும் சிம் வித்தாச்சு மாமா. இனிமே மீட்டர், மோட்டர், லாரி, மாடுன்னு பொருள்தான் எங்க கஸ்டமர். பொருள் புகார் பண்ணாது, கோவிச்சுக்கிட்டு வேற கம்பெனிக்கும் மாறாது." எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மாட்டை ஏன் பொருளில் சேர்த்தீர்கள் என்று கேட்க நினைத்து, மாப்பிள்ளையிடம் கேட்கக் கூடாது என்று விட்டுவிட்டேன். என் முழங்கால் வலியைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, புனே கிளம்புவதற்கு முன் நம் போர்வெல் மோட்டருக்கு சிம் போட்ட பெட்டி ஒன்றை மாட்டினீர்கள். "ஒரு மிஸ்டு கால் கொடுங்க, தண்ணி ஏறும். இனிமே சுவர்ல சுவிட்ச் எதுக்கு?" என்று பழைய சுவிட்சைப் பிடுங்கி, ஓட்டையைப் பூசி, சுண்ணாம்பும் அடித்தீர்கள். நீங்கள் இருந்தவரை உங்கள் போனிலிருந்தே எல்லாம் நடந்தது. பக்கத்து வீட்டு பக்தவத்சலம் வந்து பார்த்துவிட்டு, பொறாமையில் ஒரு வார்த்தை பேசாமல் போனார். நீங்கள் ஊருக்குப் போனதும் யோகேஸ்வரி மோட்டரின் நம்பரை அனுப்பினாள். 'மோட்டர்' என்று பெயர் போட்டுப் பதிந்துகொண்டேன். சனி அங்கேதான் பிடித்தது.

மறுநாள் காலை நீங்கள் சொன்னபடியே ஒரு ரிங் விட்டு கட் செய்தேன். மோட்டர் இருக்கும் குழிக்குள் ஒரு முனகல்கூட இல்லை. மறுபடி அடித்தேன், மறுபடி கட் செய்தேன். இப்படி நாலைந்து தடவை ஆனதும் என் போன் அடித்தது. திரையில் 'மோட்டர்' என்று வந்தது. ஆஹா, மோட்டரே கூப்பிட்டுக் கணக்குச் சொல்கிறதே, விஞ்ஞானம் எங்கே போய்விட்டது பார் என்று அத்தைக்கும் கேட்கட்டும் என ஸ்பீக்கரில் போட்டேன்.

"யோவ், யாருய்யா நீ? காலங்காத்தால வுட்டு வுட்டு அடிக்கிற? இங்க ஏலம் நடந்துகினு கீது. இன்னா வோணும் சொல்லு!"

சம்பூர்ணம் தோசைத் திருப்பியைக் கீழே வைத்தாள். "யாரு?"

"மோட்டர்."

"மோட்டருக்குப் பொம்பளைக் குரலா?"

கம்பெனியில் பதிவு செய்து வைத்த குரலாக இருக்கும் என்று சொல்லி, அதை நிரூபிப்பதற்காகவே போனில் பணிவாகக் கேட்டேன்: "தண்ணி வருமா?"

"தண்ணியா? விடிஞ்சும் விடியாம தண்ணி போட்டுக்கினு பொம்பளைக்கு போன் பண்றியா? வூடு தேடி வந்தேன்னு வையி..." என்று ஆரம்பித்து அவள் சொன்னதைத் தபால் இலாகா தாங்காது. அன்று காலை எனக்குத் தோசை கிடைக்கவில்லை.

உங்கள் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போட்டேன். மனிதர் என்றால் ஒன்றையும் பொருள் என்றால் இரண்டையும் அழுத்தச் சொன்னது. மோட்டர் சார்பாகப் பேசுகிறவன் எதை அழுத்துவது என்று யோசித்து இரண்டை அழுத்தி, நம்பரைக் கொடுத்தேன். "உங்கள் பொருளுக்கு ஓடிபி அனுப்பியுள்ளோம். அதைக் கேட்டுச் சொல்லவும்" என்றது குரல். யாரைக் கேட்பது? குழியருகே போய் மூடியைத் திறந்து, குனிந்து, மோட்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன். பக்தவத்சலம் மதில் மேலிருந்து, "என்ன சார், பிரார்த்தனையா?" என்றார். அதற்குள் அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். "ஏதோ நம்பரு வந்துகினே கீதே, நீதான் அனுப்புறியா?" என்றாள். பழம் நழுவிப் பாலில் விழுந்ததாக எண்ணி, "ஆமாம்மா, அந்த நம்பரை மட்டும் சொல்லிடு" என்றேன். "ஓஹோ, பேங்க் துட்ட உருவுற கேஸா நீ!" என்றாள் அவள். முதலில் அவள் திட்டியதெல்லாம் வாழ்த்து என்று அப்போதுதான் புரிந்தது.

வேறு வழியில்லாமல் பஸ் பிடித்து, செங்கல்பட்டில் இருக்கும் உங்கள் கம்பெனி ஷோரூமுக்குப் போனேன். உள்ளே மார்கழிக் குளிர், வெள்ளை சோபா, டோக்கன் தரும் இயந்திரம். கவுண்டரில் ரஞ்சிதா என்ற பெண் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வேண்டா சார்" என்றாள்.

"எது வேண்டாம்மா?"

"பேரே வேண்டா சார். பெண், கொக்கிலமேடு, மீன் வியாபாரம்."

என் மோட்டர் புதுப்பட்டினத்தில் குழிக்குள் இருக்கும்போது அதன் நம்பர் எப்படிக் கொக்கிலமேட்டில் மீன் விற்கும் என்று சத்தம் போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் மாப்பிள்ளை இதே கம்பெனியில் பொருள் பிரிவில் பெரிய அதிகாரி என்றும் சொல்லிவிட்டேன். உடனே விஷால் என்கிற மேலாளர் உள்ளறையிலிருந்து ஓடிவந்து, எனக்குக் காபி வரவழைத்து, ரஞ்சிதாவை எழுப்பி, தானே உட்கார்ந்து தட்டினார். "மனுஷக் கணக்குல தப்பா விழுந்திருக்கு சார். பொருள் கணக்குக்கு மாத்திட்டேன். எங்களுக்கும் இந்த மாசம் பொருள் டார்கெட்ல ஒண்ணு குறைஞ்சுது, பாருங்க, சரியாப் போச்சு. இனிமே அது உங்க நம்பருக்கு மட்டும்தான் பேசும். வேற யாரும் அதைத் தொடவே முடியாது. ஃபுல் செக்யூரிட்டி." உங்கள் பெயருக்கு இருக்கும் மதிப்பை நினைத்துப் பூரித்துப்போய் வீடு வந்தேன்.

மறுநாள் காலை மிஸ்டு கால் கொடுத்தேன். தண்ணீர் வரவில்லை, வேண்டாதான் வந்தாள். ஆனால் திட்டவில்லை. "அண்ணாத்த, இன்னா பண்ணித் தொலைச்ச? நேத்துலேர்ந்து உன் போனு மட்டுந்தான் வருது. ஓட்டல்காரன் போனு வரல. ஐஸ்காரனுக்குப் போட்டா அனுமதி இல்லன்னுது. எம் பொண்ணுக்குப் போட்டாலும் அனுமதி இல்லன்னுது. உனுக்குப் போட்டா மட்டும் மணி மாதிரி அடிக்குது. உன் வூடு எங்க சொல்லு." அந்தக் குரலைக் கேட்டு மனம் தாளாமல் விலாசத்தைச் சொல்லிவிட்டேன்.

அவள் வந்து சேர்ந்தபோது நான் பக்தவத்சலம் வீட்டுக் குழாயில் குடம் பிடித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தால், சைவக் குடும்பம் என்று ஊருக்கே தெரிந்த நம் வீட்டு வாசலில் மீன் கூடை இருக்கிறது. உள்ளே இரண்டு பெண்கள் எதிரெதிரே நிற்கிறார்கள். "நீ யாரும்மா?" என்று உங்கள் அத்தை கேட்டிருக்கிறாள். "உங்க வூட்டுக்காரு தெனம் காலைல போன் பண்ணுவாரே, அந்த வேண்டா நான்தாம்மா" என்று அவள் பதில் சொல்லியிருக்கிறாள். இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்த பார்வையில் குடத்துத் தண்ணீர் கொதித்திருக்கும். நான் மோட்டரில் ஆரம்பித்து விஷால் வரைக்கும் திக்கித் திணறிச் சொன்னேன். வேண்டா கூடையைத் திறந்து காட்டினாள். மாமல்லபுரத்து ஓட்டலுக்கென்று ஏலத்தில் எடுத்த வஞ்சிரம். சமையல்காரர் போன் போட்டுப் பார்த்துக் கிடைக்காமல் வேறு ஆளிடம் வாங்கிவிட்டாராம். ஐஸ் உருகி, கூடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. "அவரு மாசக் கணக்கா எங்கிட்டதான் வாங்குவாரு. இனிமே கூப்புடுவாரோ மாட்டாரோ" என்றாள். மாப்பிள்ளை, அதற்கு மேல் என்னால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, "கூடையோட கிளம்பும்மா, ஷோரூமுக்கே போவோம்" என்றேன். "நானும் வர்றேன்" என்றாள் உங்கள் அத்தை. என் மேல் இருந்த நம்பிக்கையில் அல்ல.

ஷோரூமில் விஷால் இரண்டு கையையும் விரித்தார். "இது இப்ப பொருள் மேடம். பொருள் நேரா வந்து விண்ணப்பிக்க முடியாது. ஓனர்தான் கேட்கணும்."

"யாரு ஓனர்?" என்றாள் சம்பூர்ணம்.

அவர் என்னைக் காட்டி, திரையை எங்கள் பக்கம் திருப்பினார். 'பொருள்: வேண்டா. உரிமையாளர்: சிவப்பிரகாசம். பயன்பாடு: வீட்டு உபயோகம்.' உங்கள் அத்தை அதைக் கண்ணாடி போட்டு ஒருமுறை படித்தாள், கழற்றி ஒருமுறை படித்தாள். சரி, உரிமையாளர் என்ற முறையில் நானே கேட்கிறேன், மனுஷியாக மாற்றுங்கள் என்றேன். பொருளை மனிதராக மாற்ற வழியே இல்லையாம். வேண்டுமானால், பொருளைக் கழித்துவிட்டதாகப் பழைய இரும்புக் கடை ரசீது கொண்டுவந்தால் நம்பரை விடுவிப்பாராம்.

"இன்னாது? என்னிய காயலான் கடைல போடப்போறியா?" என்று வேண்டா முந்தானையை இழுத்துச் செருகினாள். அந்த நேரம் பார்த்து ரஞ்சிதா, திரையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் மேலே போகாது என்று, தலை குனிந்தபடியே கேட்டாள்: "எத்தனை குதிரைத்திறன்னு போடட்டும் மேடம்?"

"நாலு ஆம்பள வேல பாக்குறேன். அத போட்டுக்கோ!"

என் குடும்ப வாழ்க்கை செங்கல்பட்டில் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் உங்கள் அத்தை என்ன நினைத்தாளோ, வேண்டாவின் கையைப் பிடித்து வெள்ளை சோபாவில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கூடையைத் தெறந்து வையி வேண்டா. ஏசி நல்லா இருக்கு, மீன் கெடாது" என்றாள். முட்டை இருக்கிற பிஸ்கட்டைக்கூட வீட்டுக்குள் விடாத சம்பூர்ணம்! பிறகு என் போனைப் பிடுங்கி வேண்டாவிடம் கொடுத்தாள். வேண்டா செங்கல்பட்டு மார்க்கெட்டில் மீன் விற்கும் தன் சொந்தக்காரி மேரிக்குப் பேசினாள். கொஞ்ச நேரத்தில் மேரியும் அவள் தோழிகளும் கூடையோடு வந்து இறங்கினார்கள். யாரும் கத்தவில்லை, கண்ணாடியை உடைக்கவில்லை. முறைப்படி இயந்திரத்தில் ஆளுக்கொரு டோக்கன் எடுத்தார்கள். எண் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருத்தியாகக் கூடையைக் கவுண்டரில் வைத்து, "நான் மனுஷியா பொருளா, பாத்துச் சொல்லு தாயி" என்று கேட்டார்கள். ரஞ்சிதா மூக்கைப் பொத்திக்கொண்டு ஒவ்வொரு நம்பராகப் பார்த்து, "மனுஷிதான் மேடம்" என்று சொன்னாள். சொன்னதும் அவர்கள் போய் மறுபடி டோக்கன் எடுத்தார்கள். சிம் வாங்க வந்த கூட்டம் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியது. ஒரு சிலர் நெத்திலி வாங்கிக்கொண்டு போனார்கள்.

விஷால் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தார். உங்கள் பொருள் பிரிவில் யாரோ எடுத்து, மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார்களாம். அவர் சோபாவைப் பார்த்தார், அதில் இறங்கிக்கொண்டிருந்த மீன் தண்ணீரைப் பார்த்தார், பிறகு உட்கார்ந்து எதையோ தட்டினார். இல்லவே இல்லை என்று அவர் சொன்ன வழி அங்கேயே இருந்தது. அடுத்த நிமிடம் வேண்டாவின் போன் அடித்தது. ஓட்டல் சமையல்காரர். "நான்தாங்க வேண்டா, நாளைக்கு எடுத்தாறேன்" என்று சொல்லிவிட்டு, போனை மடியில் வைத்து அழுதுவிட்டாள். உங்கள் அத்தையும் அழுதாள். ரஞ்சிதாவும் அழுதாள், அது வாடையினாலா என்று தெரியவில்லை.

ஆக, மாப்பிள்ளை, என் தாழ்மையான வேண்டுகோள்: அந்தப் பிரிவிலிருந்து விலகி, மனிதரோடு மனிதர் பேசுகிற பழைய பிரிவுக்கே மாற்றல் கேளுங்கள். ஊருக்கு வந்து சுவரை உடைத்து என் சுவிட்சை மாட்டிக் கொடுங்கள். இன்னமும் பக்தவத்சலம் வீட்டுக் குழாயில்தான் குடும்பம் நடக்கிறது. அவர் இப்போது நிறையப் பேசுகிறார். வேண்டாவும் உங்கள் அத்தையும் உயிர்த்தோழிகள் ஆகிவிட்டார்கள். இருவருமாக உங்கள் கம்பெனி மேல் நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போடுகிறார்கள். முதல் சாட்சி நான். நாளை டிவிக்காரர்கள் வருகிறார்கள். மோட்டரின் நம்பரைக் கம்பெனி மீன்காரிக்குத் தூக்கிக் கொடுத்த அநியாயத்தை நான் மோட்டர் அருகே நின்று விளக்க வேண்டுமாம். உங்கள் பெயரைச் சொல்லாமல் இருக்க முயல்கிறேன்.

நீங்களும் யோகேஸ்வரியும் குறைவில்லாத ஆயுளோடும், தட்டினால் தண்ணீர் வரும் குழாய்களோடும் நீடூழி வாழ இறைவனை வேண்டும்,

அன்பு மாமா,
சிவப்பிரகாசம்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில், மனுவில் எழுத வேண்டும், நம்பரைப் பார்த்துச் சரியாகச் சொல்லுங்கள் என்று உங்கள் அத்தை கேட்டதால், யோகேஸ்வரி அனுப்பியதை எடுத்துப் பார்த்தேன். பொருள்களின் நம்பருக்குப் பதின்மூன்று இலக்கமாமே? முன்னால் இருக்கும் மூன்றும் வெளிநாட்டுக்கு அடிக்கிற குறியீடு என்று நினைத்து நான் விட்டுவிட்டேன். மிச்சம் பத்து வேண்டாவுடைய நம்பர், அவள் பிறவியிலேயே மனுஷி. இப்போது பதின்மூன்றையும் அடித்தேன். ஒரு ரிங் முடிவதற்குள் மோட்டர் உறுமிக்கொண்டு ஓடுகிறது. ஆகவே மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், கடிதத்தைக் கிழித்துவிடவும். வேண்டாவும் சம்பூர்ணமும் கூடத்தில், பக்தவத்சலத்தை விஷாலாக உட்கார வைத்து, டிவிக்கு ஒத்திகை பார்க்கிறார்கள். சத்தம் இன்னும் அவர்கள் காதில் விழவில்லை. மோட்டரை நிறுத்த எத்தனை மிஸ்டு கால் என்று நீங்கள் சொல்லவே இல்லையே? தொட்டி நிரம்பி, மாடிப்படி வழியாகத் தண்ணீர் கூடத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து உடனே பதில் தபால் போடவும்.