பதிவேட்டின்படி இறந்துபோனவரின் விண்ணப்பம்

மதிப்பிற்குரிய இயக்குநர் வின்ஃப்ரெட் ஓக்லி அம்மையாருக்கு,

வடக்கு டகோட்டாவிலிருந்து, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற எல்மர் ஸ்கோக்லண்ட் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் சட்டக் கல்லூரியும் நலமென நம்புகிறேன். நான் நலமா என்பதில்தான் ஊரில் கருத்து வேறுபாடு இருந்தது.

வழியில்லாதவர்களுக்குக் கட்டணமின்றி வழக்காடும் எங்கள் சட்ட உதவி அலுவலகத்துக்கு, பத்து வார உதவித்தொகையில் தாங்கள் அனுப்பிய மாணவி தாலியா பெசரா என் வீட்டு மாடியில்தான் தங்கியிருக்கிறாள். அவள் வருவதற்கு முன்பே நான் இறந்துவிட்டிருந்தேன். ஏப்ரலில் ரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போனபோது மருந்துக்கடைக்காரர் கணினியைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். மார்ச் ஒன்பதாம் தேதி நான் காலமானதாகக் கவுன்ட்டியின் பிறப்பு இறப்புப் பதிவேட்டில் இருக்கிறதாம். மாத்திரை தரவில்லை, அனுதாபம் தெரிவித்தார். பிறகு ஓய்வூதியம் நின்றது, வீட்டை ஏலம் விட ஆள் வந்து அளந்தான், பக்கத்து வீட்டார் துக்க வீட்டுக்குக் கொடுக்கிற உருளைக்கிழங்கு கேசரோலைச் சமைத்துக் கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள், நான் கதவைத் திறந்து நன்றி சொன்னால் என் தோளுக்கு மேலே வீட்டுக்குள் பார்த்துவிட்டுப் போனார்கள். காபிக் கடையில் பரிமாறுகிற பெண் மேசையில் எல்லோருக்கும் ஊற்றினாள், என் கோப்பையை எடுத்துக் கழுவ வைத்தாள். கூப்பிட்டேன். குரல் வந்ததா என்று எனக்கே நிச்சயமில்லை.

ஜூனில் தாலியா வந்தாள். முதல் நாளே கல்லறைக்குப் போகலாம் என்றாள். என் மனைவி இறந்தபோது கல்லறைக் கல்லில் அவள் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் வெட்டச் சொல்லி, தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தேன். போய்ப் பார்த்தால் தேதி வெட்டியாகிவிட்டது. கல்தச்சன் பதிவேட்டைப் பார்த்து நேர்த்தியாக வேலையை முடித்திருக்கிறான். புல்கூட முளைத்திருந்தது. தாலியா அந்த எழுத்துக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சார், நீங்க சாகலைன்னு முதல்ல நீங்க நம்பணும். நீதிபதி அப்புறம்."

இறந்தவர் கையெழுத்து செல்லாது என்றதால் என் சார்பில் தாலியாவே மனுவில் கையெழுத்திட்டாள். ஜூலையில் விசாரணை. மனுதாரர் எங்கே என்று நீதிபதி கேட்டார். காலமாகிவிட்டார் என்று குமாஸ்தா காகிதத்தைப் பார்த்து வாசித்தார். தாலியா என் முழங்கையைப் பிடித்து எழுப்பி நிறுத்தினாள். நீதிபதி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வெகுநேரம் பார்த்தார்.

"மார்ச் ஒன்பதாம் தேதி எங்க இருந்தீங்க?"

அம்மா, அதுதான் எனக்கு இன்றைக்கும் தெரியாது. எட்டாம் தேதி காய்ச்சலோடு படுத்தது தெரியும். அதற்கடுத்து ஒன்றுமில்லை, இருட்டுகூட இல்லை. நீதிபதியிடமும் அதையே சொன்னேன். மன்றத்தில் இரண்டு பேர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்கள். தாலியா முந்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அதை விடுங்க சார். பத்தாம் தேதி?"

பத்தாம் தேதி பன்றி இறைச்சியை அடுப்பில் வைத்துவிட்டு அயர்ந்துபோய், புகை கிளம்பி, தீயணைப்பு வண்டி வந்து, தீயணைப்புத் தலைவர் என்னைக் கன்னாபின்னாவென்று திட்டிவிட்டுப் போனார். திட்டு உட்பட எல்லாம் அவர்கள் குறிப்பேட்டில் இருந்தது. இறந்தவரை யாரும் அப்படித் திட்டமாட்டார்கள் என்று தாலியா வாதாடினாள். நான் உயிரோடு இருப்பதாகத் தீர்ப்பாயிற்று. தெருவுக்கு வந்து அழுதேன்.

இப்போது என் வேண்டுகோள். நான்கு கவுன்ட்டிக்கு ஒரே வக்கீல்தான் எங்களுக்கு. தாலியாவுக்கு இங்கேயே இருக்கத்தான் ஆசை. படிப்புக் கடன் கழுத்தைப் பிடிப்பதால் மினியாபொலிஸில் பெரிய நிறுவனம் கூப்பிட்ட வேலைக்குப் போய்விடுவாள் போலிருக்கிறது. படிப்பு முடிந்ததும் இரண்டு வருஷம் இங்கே வேலை பார்க்க ஒரு நிதி ஏற்பாடு செய்தால் புண்ணியமாகப் போகும். தங்களுக்கும் தங்கள் மாணவர்களுக்கும் நீண்ட ஆயுளும் பிழையில்லாத ஆவணங்களும் கிடைக்கப் பிரார்த்திக்கிறேன்.

இப்படிக்கு, சட்டப்படி உயிரோடிருக்கும்
எல்மர் ஸ்கோக்லண்ட்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது பதிவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பதிவேட்டில் ஏறிய மரணத்தை அழிக்க விதி இல்லையாம், மாற்றத்தான் முடியுமாம். ஆகவே அந்த மரணத்தை மனுவில் கையெழுத்திட்டவர் பெயருக்கு மாற்றிவிட்டார்கள். மேலே கேட்டதையெல்லாம் தயவுசெய்து மறந்துவிடுங்கள். வேறொரு மாணவரை உடனே அனுப்புங்கள். தாலியா சமையலறையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். முட்டை பொரித்து வைத்தேன். பசிக்கவே இல்லை என்கிறாள்.