ஒரு ஸ்பூன் பூசணி விற்ற கதை

மூக்குக் கண்ணாடியின் இடது பக்கத்தில் பூசணி அப்பியிருந்ததால், ஃபில்டருக்கு மகன் பாதிதான் தெரிந்தான். தெரிந்த பாதி சிரித்துக்கொண்டிருந்தது.

“இன்னும் ஒரே ஒரு வாய்,” என்றார் ஃபில்டர், வாடிக்கையாளரிடம் பேசும் அதே கனிந்த குரலில். “பிடிக்கலேன்னா விட்டுடலாம். கட்டாயமே இல்ல.”

மகன் பெரிய மனதோடு வாயைத் திறந்தான். ஸ்பூன் உள்ளே போனது. பூசணி வெளியே வந்தது. இந்த முறை வலது பக்கக் கண்ணாடி.

ஃபில்டர் என்பது அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர். தண்ணீர் சுத்தம் செய்யும் ஃபில்டரை வீடு வீடாகப் போய் விற்பது அவர் தொழில். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வேறு கம்பெனியிலிருந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டி ஃபில்டர் விற்க வந்த ஒருவனுக்கு, உட்கார வைத்துப் பேசி, தன் கம்பெனி ஃபில்டரை விற்று அனுப்பியவர். அப்படிப்பட்டவரின் பாச்சா, பல் முழுதாக முளைக்காத ஒரு வாடிக்கையாளரிடம் பலிக்கவில்லை.

பிள்ளைக்கு ஒரு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பாலும் கூழும் போதும் என்ற காலம் முடிந்து, பெரியவர்கள் சாப்பிடுவதை நசுக்கிக் கொடுக்க வேண்டிய காலம். கொடுத்தார்கள். அவன்தான் வாங்கவில்லை. கேரட்டைத் துப்பினான். பீன்ஸைத் தரையில் போட்டுவிட்டு, விழுந்ததா என்று எட்டிப் பார்த்தான். கீரையைத் தலையில் தடவிக்கொண்டான்.

இது வெறும் சாப்பாட்டுப் பிரச்சினையாக இருந்திருந்தால் ஃபில்டர் இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டார். மாதம் பிறந்ததும் அவர் மனைவி மறுபடி வேலைக்குப் போக வேண்டும். தெருக்கோடியில் இருக்கும் குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளையை விடுவதாக ஏற்பாடு. மத்தியானம் ஒரு மணி நேரம் அங்கே கூட்டிக்கொண்டு போய், மற்ற குழந்தைகளோடு பழகவும் விட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் ஒரு நாள் சாயங்காலம், துணி மடித்துக்கொண்டே அவள் ஒரு விஷயம் சொன்னாள்.

“காய்கறி சாப்பிடற குழந்தையைத்தான் முழு நேரம் சேர்த்துப்பாங்களாம். சாப்பிடலேன்னா இன்னும் ஒரு வருஷம் நான் வீட்லதான் இருக்கணும். என் இடத்துக்கு வேற ஆள் வந்துடும்.”

அவள் இடம் சாதாரண இடம் இல்லை. அதே கம்பெனியில், புதிதாகச் சேர்கிறவர்களுக்கு விற்பனை சொல்லிக்கொடுப்பவள் அவள். ஃபில்டரே அவளிடம் படித்தவர்தான். முதல் நாள் வகுப்பில், இவரைப் பார்த்து, கஸ்டமர் முன்னால் முதலில் நீங்கள் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துக் காட்டுங்கள், அப்புறம் வாயைத் திறங்கள் என்று சொன்னவள். அந்த ஒரு டம்ளர் தண்ணீரில்தான் இன்றுவரை குடும்பம் ஓடுகிறது. அவள் போகாவிட்டால் அந்த நாற்காலியில் எந்த மண்ணாந்தை வந்து உட்காருமோ என்று நினைக்கவே அவருக்குப் பொறுக்கவில்லை. அவள் அங்கே திரும்பிப் போக வேண்டும் என்று உண்மையிலேயே ஆசைப்பட்டார்.

“விடு. சாயங்காலச் சாப்பாட்டை இனிமே நான் பார்த்துக்கறேன்,” என்றார் மார்பைத் தட்டிக்கொண்டு. “இவனுக்கு என்னால விக்க முடியலேன்னா நான் ஃபில்டர் பெட்டியைத் தூக்கறதையே விட்டுடறேன்.”

சரி என்று ஒரே வார்த்தையில் அவள் ஒப்புக்கொண்டதில் அவருக்குக் கொஞ்சம் ஆச்சரியம்தான்.

முதலில், சரக்கு எப்படிக் கண்ணில் படுகிறது என்பதைக் கவனித்தார். வேகவைத்த கேரட்டை நட்சத்திரமாக வெட்டினார். பீட்ரூட்டை மீனாக வெட்டினார். பீட்ரூட் மீன் என்று அவர் சொன்னால்தான் தெரியும், ஆனாலும் மெனக்கெட்டிருந்தார். மகன் நட்சத்திரத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சுவரில் அடித்தான். அது ஒட்டிக்கொண்டதைப் பார்த்து ஃபில்டர் தன்னை மறந்து சிரித்துவிட்டார். அதுதான் வினையாயிற்று. சாப்பாடு என்பது அப்பாவைச் சிரிக்க வைப்பதற்காகச் சுவரில் அடிக்கும் பொருள் என்று பிள்ளை முடிவு செய்துவிட்டான். பீட்ரூட் மீன்கள் வரிசையாகச் சுவரேறின.

சுவரைக் கழுவி முடித்ததும் அடுத்த உத்தியை எடுத்தார். இன்று விட்டால் கிடைக்காது என்று பயமுறுத்தும் உத்தி. “இதுதான் கடைசி. பக்கத்து வீட்டுக்காரங்க வேற கேட்டிருக்காங்க,” என்று சொல்லித் தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்தார். பெரிய பெரிய ஆட்களெல்லாம் இந்த இடத்தில் பதறிப்போய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மகன் தட்டைப் பார்த்து டாட்டா காட்டினான். அன்றிலிருந்து எந்தத் தட்டு வந்தாலும் முதல் வேலையாக டாட்டா.

பிறகு இலவச இணைப்பு. ஒரு வாய் பூசணி சாப்பிட்டால் ஒரு துண்டு பிஸ்கட். வியாபாரம் சூடு பிடித்தது போலத்தான் இருந்தது. பிள்ளை பூசணியை வாங்கிக் கன்னத்தில் ஓரங்கட்டினான், கையை நீட்டினான், பிஸ்கட்டைப் பெற்றுக்கொண்டான், அதன்பிறகு பூசணியை நிதானமாக வெளியே அனுப்பினான். இரண்டு நாளில் பால் குடிக்கவும் பிஸ்கட் கேட்டான். சட்டை மாட்டிவிடுவதற்குக்கூடக் கையை நீட்டிக் காத்திருந்தான்.

“இப்போ எதுக்கெடுத்தாலும் இவனுக்கு லஞ்சம் கொடுக்கணுமா?” என்றாள் மனைவி, பிஸ்கட் டப்பாவை அலமாரியின் உச்சித் தட்டில் வைத்துக்கொண்டே.

ஃபில்டருக்கு அசடு வழிந்தது. பேச்சை மாற்றுவதற்காக, இவ்வளவு பட்டினி கிடந்தும் பையனின் கன்னம் மட்டும் இறங்கவில்லையே, ரொம்பக் கொழுகொழுவென்று இருக்கிறானே என்று கேட்டார்.

“எல்லாம் பால்தான்,” என்றாள் அவள்.

சட்டைக் காலரில் ஏதோ ஆரஞ்சுக் கறை இருக்கிறதே என்றார். காப்பகத்தில் எந்தக் குழந்தையாவது துப்பியிருக்கும் என்று சொல்லிவிட்டு, அவள் அந்தச் சட்டையைக் கழற்றி வாளியில் போட்டாள்.

மாதம் முடிந்துகொண்டே வந்தது. ஃபில்டர் முகத்தில் ஈயாடவில்லை. அலுவலகத்தில் யாராவது குடும்பம் எப்படி என்று கேட்டால்கூடப் பூசணி என்றே பதில் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார். அன்றைக்கு மழை வேறு. மத்தியானம் காப்பகத்துக்குக்கூடப் போகாமல் பிள்ளை வீட்டிலேயே இருந்து ரகளை பண்ணியிருந்தான். அவர் உள்ளே வந்து பெட்டியை வைத்ததும், உயரமான நாற்காலியில் அவனை உட்கார வைத்துப் பூசணிக் கிண்ணத்தை நீட்டிய மனைவி, போகிற போக்கில் ஒன்று கேட்டாள்.

“ஆமா, கஸ்டமர் வீட்ல போய் உட்கார்ந்ததும் நீங்க முதல்ல என்ன பண்ணுவீங்க?”

“தண்ணி குடிச்சுக் காட்டுவேன்,” என்றார் ஃபில்டர். சொன்னதும் நெற்றியில் அடித்துக்கொண்டார். “இதை எப்படி மறந்தேன்? நான் இதுவரைக்கும் இவன் முன்னால ஒரு வாய்கூடச் சாப்பிட்டுக் காட்டலையே. எப்படி வாங்குவான்?”

“அட, எனக்குத் தோணவே இல்ல பாருங்க,” என்றாள் அவள்.

கண்டுபிடித்த பெருமை அடங்கிய பிறகுதான் அதிலிருந்த சிக்கல் உறைத்தது. ஃபில்டருக்குக் காய்கறி ஆகாது. பிறந்ததிலிருந்து ஆகாது. முட்டை, ரொட்டி, வறுத்த உருளைக்கிழங்கு, இந்த மூன்றில்தான் அவர் வளர்ந்தார், படித்தார், கல்யாணம் செய்துகொண்டார். உருளைக்கிழங்கும் காய்தானே என்று டாக்டரிடமே வாதாடியிருக்கிறார். கல்யாணமான புதிதில் மனைவி கெஞ்சியிருக்கிறாள், கோபித்துக்கொண்டிருக்கிறாள், முட்டைக்குள் கீரையை ஒளித்து வைத்துக் கையும் களவுமாகப் பிடிபட்டிருக்கிறாள். போன தடவை டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கியபோது, வெளியே வந்து அழுதேவிட்டாள். அதற்குப் பிறகு என்னவோ அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். ஒருவழியாக ஜெயித்துவிட்டோம் என்று ஃபில்டர் நிம்மதியாக வறுவலைத் தொடர்ந்துகொண்டிருந்தார்.

இப்போது பூசணி அவருக்காகக் காத்திருந்தது.

ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டார். முகம் தானாகக் கோணியது. மகன் அதை உற்றுப் பார்த்தான். பிறகு, தன் வாயில் எதுவும் இல்லாதபோதே, அதே கோணலை அப்படியே செய்து காட்டினான்.

மறுநாள் ஃபில்டர் தந்திரம் செய்தார். மகனுக்கு ஒரு கிண்ணத்தில் பூசணி, தனக்கு இன்னொரு கிண்ணத்தில் அதே நிறத்தில் ஜாம். சப்புக்கொட்டிச் சாப்பிட்டுக் காட்டினார். நடிப்பு பிரமாதம். பிள்ளைக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், தன் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு அப்பாவின் கிண்ணத்துக்குள் கையை விட்டான். அதற்கப்புறம் அப்பா எந்தக் கிண்ணத்தில் சாப்பிடுகிறாரோ அந்தக் கிண்ணத்தில்தான் தானும் சாப்பிடுவேன் என்று அவன் சட்டம் போட்டுவிட்டான்.

ஆக, ஒரே கிண்ணம். சரி, விழுங்காமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ளலாம் என்று பார்த்தார். மகனிடமே கற்ற வித்தை. ஆனால் அந்த வித்தையில் அவன் குரு அல்லவா. முன்னால் சாய்ந்து, அப்பாவின் வாய்க்குள் விரலை விட்டு, ஒதுக்கி வைத்திருந்த பூசணியைத் தோண்டி எடுத்து, அவர் கண்ணுக்கு நேரே காட்டினான்.

தலையில் தண்ணீர் கொட்டினது போல ஆகிவிட்டது ஃபில்டருக்கு. பதினோரு மாதப் பிள்ளையிடம் பொய் சொல்லிப் பிடிபடுவது எவ்வளவு அவமானம் என்று பிடிபட்டவருக்குத்தான் தெரியும். மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் பழைய செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் செருப்பைப் பார்த்ததும் அவருக்கு மனசு என்னவோ செய்தது.

கண்ணாடியைக் கழற்றி வைத்தார். ஸ்பூன் நிறைய பூசணியை எடுத்தார். வாயில் போட்டார், மென்றார், மகனைப் பார்த்தே விழுங்கினார். பிறகு வாயைத் திறந்து காட்டினார்.

மகன் உள்ளே எட்டிப் பார்த்தான். விரலை விட்டுச் சோதித்தான். ஒன்றும் இல்லை.

பிறகு தன் வாயைத் திறந்தான்.

அவன் விழுங்கின சத்தம் ஃபில்டர் காதில் கைதட்டல் மாதிரி கேட்டது. அவருக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று என்று கிண்ணம் காலியானது. ஃபில்டர் நாற்காலியோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றி வந்தார். அவர் மனைவி சட்டென்று சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டு, தோள் குலுங்க நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆனந்தக் கண்ணீர் என்று ஃபில்டர் எடுத்துக்கொண்டார்.

அப்புறம் அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை. மறுநாள் கேரட், அதற்கடுத்து பீன்ஸ், பிறகு கீரை. மகன் ஒரு வாய் சாப்பிட வேண்டுமானால் அவரும் ஒரு வாய் சாப்பிட வேண்டும். காய்கறிக் கடையில் எந்தப் பக்கம் நுழைவது என்றே தெரியாதவர், பீன்ஸை ஒடித்துப் பார்த்து முற்றல் என்று கடைக்காரரிடம் சண்டை போட்டார். அலுவலகத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஏதோ மொறுமொறுவென்று சத்தம் கேட்கிறதே என்று பார்த்தால், அவரே ஒரு பச்சைக் கேரட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பையன்கூட இல்லை. பெல்ட்டை ஒரு ஓட்டை உள்ளே தள்ளிப் போட வேண்டியிருந்தது. பிள்ளைக்காக ஓடியாடியதில் இளைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார்.

மாதம் பிறந்தது. மனைவி துடைத்து வைத்த செருப்பை மாட்டிக்கொண்டு, காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிட்டாள். வாசலில் நின்று, அவர் கன்னத்தைக் குழந்தையைக் கிள்ளுவது போல ஒரு கிள்ளு கிள்ளிவிட்டுப் போனாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஃபில்டர் முதல் தடவையாகக் காப்பகத்துக்குள் நுழைந்தார். வந்த வழியெல்லாம் அவருக்குக் கால் தரையில் பாவவே இல்லை.

காப்பகத்து டீச்சர் சின்னச் சின்ன நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். ஃபில்டர் தானாகவே ஆரம்பித்தார். பையனுடைய சாப்பாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்றார். பூசணி, கேரட், கீரை எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவான் என்றார். நட்சத்திரம், டாட்டா, பிஸ்கட் எல்லாவற்றையும் சொல்லி, அவற்றில் எது ஏன் தோற்றது என்று விளக்கினார். டீச்சர் பிள்ளையை வாங்கிக்கொண்டு, பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ரகசியம் ஒண்ணுதான் மேடம்,” என்று முடித்தார் ஃபில்டர். “முதல்ல நாம சாப்பிடணும். மனசாரச் சாப்பிடணும். இதை நானேதான் கண்டுபிடிச்சேன். வேற எந்தப் பிள்ளையாவது இங்க அடம் பிடிச்சா சொல்லுங்க, நான் வந்து பார்க்கறேன்.”

டீச்சர் முகத்தில் குழப்பம் தெரிந்தது. இடுப்பிலிருந்த பிள்ளையை ஒரு தடவை பார்த்தார், ஃபில்டரை ஒரு தடவை பார்த்தார்.

“இவன் இங்க வர ஆரம்பிச்ச நாள்லேருந்து தினமும் மத்தியானம் தட்டை வழிச்சுச் சாப்பிடறானே சார், வீட்ல வேற ஒருத்தர்தான் காயைத் தொடவே மாட்டேங்கறார்னு உங்க வீட்டம்மா வருத்தப்பட்டாங்க. அவர் இப்போ ஒழுங்கா சாப்பிடறாரா?”