புழுத்த கடலைக்கு பிரெஞ்சில் ஒரு புகழுரை

பிரெஞ்சு பாஷையில் எதையும் வர்ணிக்க எனக்குத் தெரியும், அது நன்றாக இருக்கும் பட்சத்தில். இந்த அரைவித்தையை நம்பி ஒருமுறை உத்தியோகத்துக்கே போய் நின்றேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், பி.ஏ. பட்டத்தோடு ஸ்ரீரங்கத்து வீதிகளை அளந்தவர்களில் நானும் ஒருவன். அப்பாவுக்கு வேலை போயிருந்தது. எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்தால் 'இல்லை' என்று சொல்லக்கூடாது, 'நிறைஞ்சிருக்கு' என்போம். அந்த வருஷம் முக்கால்வாசி நாள் பானை நிறைந்தே இருந்தது.

அப்போதுதான், திருச்சி மண்டிகளில் நிலக்கடலை வாங்கும் புதுச்சேரிக் கம்பெனி ஒன்று, சரக்கின் தரத்தை பிரெஞ்சில் சொல்ல ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டேன். பழைய பாடப்புத்தகம் ஒன்று கிடைத்தது. இடப்பக்கம் நல்லது, பெரியது, அழகானது, வலப்பக்கம் எதிர்ப்பதங்கள். அர்த்தத்தோடு சத்தம் போட்டு ஒப்பித்தேன். (மௌனமாகப் படித்தால் ஏறாது என்பது எங்கள் குலநம்பிக்கை.) வலப்பக்கம் போனதும், திருமண் இட்டுக்கொண்டிருந்த அப்பா திரும்பினார்.

"விடிஞ்சதும் கெட்டது, அழுகல்னு என்னடா அமங்கலம்?"

"பிரெஞ்சுப்பா."

"பெருமாளுக்கு பிரெஞ்சு தெரியாதுன்னு நெனச்சிண்டியோ? நல்லதா நாலு வார்த்தை படி, போறும்."

பாடம் பாதியானதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். 'இல்லை' என்ற சொல்லும் வலப்பக்கத்தில்தான் இருந்தது.

மண்டியில் கம்பெனித் துரை ஒரு மூட்டையிலிருந்து கடலையை அள்ளி நீட்டினார். "ஸே போன்" என்றேன். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். தலையசைத்தார். அடுத்த மூட்டையிலிருந்து அள்ளியது பூஞ்சணம் பிடித்து நாறியது. ஒரு புழு வெளியே வந்து வெயில் காய்ந்தது. துரை என் வாயையே பார்த்தார். தெரிந்ததையெல்லாம் துழாவினேன், எல்லாம் மங்கலம்.

"ஸே போன்."

கடலையை என் மூக்குக்கே கொண்டுவந்தார். பயத்தில் நாக்கு இன்னும் ஒருபடி ஏறிவிட்டது. "ஸே மாஞிஃபிக்!" அதாவது, பிரமாதம்.

துரைகளோடு பழகி நாலு வார்த்தை பிரெஞ்சு புரிந்த மண்டிக்காரர் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "சாமி, உங்களுக்குக் கடலை வேணாங்க. கல்யாணத் தரகுக்குப் போங்க, ஓகோன்னு வருவீங்க."

துரை சிரிக்கவில்லை. நான் மண்டிக்காரர் வைத்த ஆள் என்று எண்ணிவிட்டார் போலும், வாசலைக் காட்டினார். காவிரிப் பாலத்தை நடந்தே கடந்து வீடு சேர்ந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அம்மா, அடுப்பு மூட்ட எடுத்த விறகைத் திரும்ப உள்ளே வைத்தாள்.

பின்னால் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்டேன், கல்யாணமும் ஆயிற்று. புதிதாக வந்த மருமகளுக்கு வீட்டுச் சாவிக்கு முன்பே இந்தக் கதையை அம்மா கொடுத்துவிட்டாள். அதற்கப்புறம் என் பாராட்டுக்கு வீட்டில் மதிப்பே கிடையாது. நேற்று இலையில் உட்கார்ந்து, "மோர்க்குழம்பு பிரமாதம்" என்றேன், மனதாரத்தான்.

"இருக்கும், இருக்கும்," என்றாள் மனைவி. "புழுத்த கடலையையே பிரமாதம்னவர்தானே நீங்க."